கார்ல கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுது, தரையில ஒரு சொட்டு கூட காணோம், வீட்லயே சரி பண்ண முடியுமா?

முடியும். ஆனா எங்க ஒழுகுதுன்னு கண்ணால பாக்குற வரைக்கும் ஒரு போல்ட்டையும் தொடாதீங்க, பர்ஸையும் திறக்காதீங்க. இன்ஜினை ஆற வைக்கிற அந்த கூலன்ட் திரவத்தை வாரத்துக்கு அரை லிட்டர் ஊத்துறேன், மெக்கானிக் அதைச் சுத்த விடுற வாட்டர் பம்பை மாத்துங்கிறாரு, மாத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் அச்சு அசலா இதே கதைதான். நானும் மாத்துனேன். பம்பு புதுசு, ஒழுகல் பழசு.

நான் பர்மாவுல, ரங்கூன்ல தாம்வே பக்கம் இருக்கேன். வண்டி டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1500 சிசி, 1என்இசட் இன்ஜின். இங்க ரோட்டுல கண்ண மூடிக்கிட்டு கல்லை விட்டா ப்ரோபாக்ஸ் மேலதான் விழும், டாக்ஸி எல்லாம் பெரும்பாலும் அதுதான். ஜப்பான்ல ஓடிக் களைச்சு கப்பல்ல வந்த வண்டிங்க, அதனால ஸ்டியரிங் வலது பக்கம், ஆனா 1970ல இருந்து இங்க ரோட்டுல போறதும் வலது பக்கம்தான், முன்னாடி போற லாரியைத் தாண்டணும்னா பக்கத்து சீட்ல இருக்குற வீட்டுக்காரம்மா எட்டிப் பாத்து "ம், போங்க"ன்னு சொல்லணும். அது தனிக் கதை, விடுங்க.

பம்பு மாத்துனதுக்கு அப்புறம் நான் தினமும் காலைல பானெட்டைத் திறந்து அந்த வெள்ளை ரிசர்வ் டப்பாவைப் பாப்பேன், தண்ணி கோட்டுக்கு நேரா நிக்கும், சரி பிரச்சனை தீந்துச்சுன்னு மூடிடுவேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாக்கவே இல்ல. அந்த தைரியத்துலதான் திஞ்சான் தண்ணித் திருவிழா லீவுல, நல்ல ஏப்ரல் வெயில்ல, குடும்பத்தை ஏத்திக்கிட்டு தவுங்கூக்கு கிளம்புனேன். மாண்டலே எக்ஸ்பிரஸ்வேல 115வது மைல்ல இருக்குற சாப்பாட்டுக் கடைங்களுக்கு கொஞ்சம் முன்னாடி ஏசில குளுமை போயி வெறும் காத்து வந்துச்சு. அதுதான் முதல் எச்சரிக்கை, இன்ஜின் ரொம்ப சூடானா ஏசி கம்ப்ரஸரை வண்டியே நிறுத்திடும், எனக்கு அப்ப தெரியாது, கேஸ் தீந்துபோச்சுன்னு நினைச்சு கண்ணாடியை இறக்கிட்டு இன்னும் ரெண்டு மைல் ஓட்டுனேன். அப்புறம் மீட்டர்ல பாத்தா சூடு உச்சத்துல நிக்குது. ஓரம் கட்டி பானெட்டைத் தூக்குனா, ரிசர்வ் டப்பா அப்பவும் நிறைஞ்சுதான் இருக்கு!

தண்ணிதான் இருக்கேன்னு ரேடியேட்டர் மூடி மேல துணியைப் போட்டு திருகுனேன். முட்டாத்தனம். அந்த மூடி ஒரு அடைப்பான் மட்டும் இல்லங்க, பிரஷர் குக்கர் வெயிட் மாதிரி, மேலயே 0.9ன்னோ 1.1ன்னோ போட்டிருக்கும், அந்த அழுத்தம் வரைக்கும் உள்ள பிடிச்சு வைக்கும், அதனாலதான் உள்ள இருக்கிறது நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம கிடக்கு. மூடியைத் திருகுன அந்த நொடில அழுத்தம் போயிடும், மொத்தமும் ஆவியா பொங்கி எழும்பும். வலது முன்னங்கை முழுக்க கொப்புளம், கடையில இருந்த அம்மா ஓடி வந்து பக்கெட் தண்ணிக்குள்ள கையை வச்சு கால் மணி நேரம் எடுக்க விடல, அந்தப் புண்ணியவதியாலதான் தழும்பு சின்னதாப் போச்சு. ரேடியேட்டர் மேல் பக்கம் வந்து சேர்ற ரப்பர் குழாய், அதான் மேல் ஹோஸ், அதைக் கையால அமுக்குங்க, கல்லு மாதிரி இருந்தா மூடியைத் தொடாதீங்க, தொளதொளன்னு ஆகி, கை சுடாம இருந்தாத்தான் திறக்கணும். அரை மணி நேரத்துக்கு மேலயே ஆகும், டீ குடிங்க, மோஹிங்கா (இங்கத்த மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடுங்க, காத்திருங்க.

சரி, ரேடியேட்டர் காலி, டப்பா மட்டும் எப்படி நிறைஞ்சிருந்துச்சு? இதுதான் எனக்கு பல நாள் மண்டையைக் குடைஞ்சது. சூடானா கூலன்ட் விரிஞ்சு மூடி வழியா டப்பாவுக்குப் போகும், ஆறும்போது உள்ள வெற்றிடமாகி டப்பால இருந்து உறிஞ்சி எடுத்துக்கும், அதுதான் ஏற்பாடு. ஆனா மேல் பக்கம் எங்கயாவது மயிரிழை விரிசல் இருந்தா, ஆறும்போது அது வழியா காத்தை உறிஞ்சிடும், டப்பால இருந்து ஏன் உறிஞ்சப்போகுது? மூடியோட ரப்பர் வாஷர் போயிருந்தாலும் இதே மாதிரிதான். அதனால டப்பாவை நம்பாதீங்க. வண்டி ராத்திரி முழுக்க நின்னதுக்கு அப்புறம் காலைல ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரைக்கும் தண்ணி நிக்குதான்னு பாருங்க. அதுதான் நெசமான கணக்கு.

ஒரு மாதிரி ஆற வச்சு, தண்ணி ஊத்தி, மெதுவா உருட்டிக்கிட்டே தவுங்கூக்குள்ள நுழைஞ்சா, தெருப் பசங்க திஞ்சான்னு சொல்லி பக்கெட் பக்கெட்டா பானெட் மேல ஊத்துனாங்க பாருங்க, புஸ்ஸுன்னு ஆவி கிளம்புது, பசங்களுக்கு ஒரே குஷி. நல்ல வேளை பானெட் மூடியிருந்துச்சு. கொதிக்கிற இன்ஜின் மேல நேரா பச்சைத் தண்ணி ஊத்துனா ஹெட், அதான் இன்ஜினோட மேல் பாகம், கோணிக்கும், சில நேரம் விரிசலே விட்டுடும், அதுக்கப்புறம் வீட்டு வேலைங்கிற பேச்சே கிடையாது.

தவுங்கூ வீட்ல எங்க பெரியப்பா. அந்தக் காலத்துல ரங்கூன் லைன் பஸ் ஓட்டுனவரு, ரெண்டாம் உலகப் போர்ல பட்டாளம் விட்டுட்டுப் போன செவர்லே ட்ரக்குக்கு மரத்துல பாடி கட்டி பஸ்ஸாக்கி ஓட்டுவாங்களே, அது. "இதுக்குப் போயா மூஞ்சிய தூக்கி வச்சிருக்க, தம்பி"ன்னு சமையக்கட்டுல போயி ஒரு பிடி மஞ்சத்தூள் எடுத்துட்டு வந்து ரேடியேட்டர்ல போட்டுட்டாரு. அவர் கையைத் தடுக்க எனக்கு ஏது தைரியம். நெசமாவே ரெண்டு நாள் நின்னுச்சுங்க, ரங்கூன் வந்து சேந்தோம், வழியெல்லாம் சாம்பார் கொதிக்கிற வாசனை. மூணாவது நாள் மறுபடி சூடு, முன்னைவிட சீக்கிரமா. பெரியப்பா காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், குழாய் எல்லாம் அகலம், மஞ்சள் போய் ஓட்டையில அடைச்சுக்கும், ஊருக்கு வந்து ஈயம் வச்சு பத்திடுவாங்க, தீந்துச்சு. இப்ப இருக்கிறது நடுவுல அலுமினியம், மேலயும் கீழயும் பிளாஸ்டிக் தொட்டி, உள்ள குழாய் எல்லாம் சீப்புப் பல்லு மாதிரி ஒடுக்கம், மஞ்சள் போய் அதுல சேறாப் படிஞ்சா பாதி ரேடியேட்டர் வேலை செய்யாது. ஈயமும் ஒட்டாது. கடையில டப்பால விக்கிற லீக் ஸ்டாப் திரவமும் எனக்கு அதே சந்தேகம்தான், நடுக்காட்டுல நின்னா ஊத்திக்கலாம், வீட்டு வாசல்ல நிக்கும்போது எதுக்கு.

அதுக்கப்புறம்தான் ஒழுங்கா தேட உக்காந்தேன். வண்டிக்கு அடியில அட்டை விரிச்சுப் போட்டேன், காலைல அட்டை காஞ்சு கிடக்கு. ஒரு நாள் நனைஞ்சிருந்துச்சு, ஆகா மாட்டிக்கிச்சுன்னு விரல்ல தொட்டுப் பாத்தா வெறும் ஏசி தண்ணி, வாசனையும் இல்ல, வழவழப்பும் இல்ல. கூலன்ட்னா லேசா வழுக்கும், ஒரு மாதிரி தித்திப்பு வாசனை வரும், நக்கிப் பாத்துடாதீங்க, விஷம். ஆட்டோமேட்டிக் வண்டின்னா கியர் ஆயிலும் என் வண்டி கூலன்ட் மாதிரி சிவப்புதான், ஆனா அது எண்ணெய், விரல்ல தேய்ச்சா உடனே தெரிஞ்சிடும்.

கண்டுபிடிச்ச விதம் இதுதான். வண்டி ஆறியிருக்கும்போது ரேடியேட்டர், ஹோஸ், பம்பு பக்கம் எல்லாம் தண்ணி அடிச்சு கழுவி நல்லா காய விட்டேன், பழைய கறை இருந்தா புதுசு எதுன்னு தெரியாதுல்ல. ரேடியேட்டரை நிரப்பி, இன்ஜினை ஓட விட்டு, ஃபேன் ரெண்டு தடவை சுத்தி நின்னதும் ஆஃப் பண்ணேன். ஆஃப் பண்ண உடனேதான் பாக்கணும், பம்பு நின்னுடும், ஆனா இன்ஜின் சூடு அப்படியே கூலன்ட்ல இறங்கும், அழுத்தம் அப்பதான் உச்சத்துக்குப் போகும். அந்த நேரம் பாத்து கரண்டு கட்டு, எங்க ஊர்ல அது புதுசா என்ன, ஆனா அதுவே நல்லதாப் போச்சு, இருட்டுல டார்ச் வெளிச்சம் சாய்வா விழுந்தா சின்ன ஈரம் கூட மினுங்கும். வீட்டுக்காரம்மா முகத்துக்குத் தனக்கா (மரப்பட்டை அரைச்ச பூச்சு) பூசுற சின்னக் கண்ணாடியைக் குச்சில கட்டி மேல் ஹோஸ் சேர்ற கழுத்துக்கு அடியில நீட்டுனேன். முதல்ல சத்தம்தான், கொசு காதுகிட்ட பாடுற மாதிரி. அப்புறம் கண்ணாடியில தெரிஞ்சிச்சு, கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி அந்த இடத்துல மட்டும் பழுப்பேறி, நகத்தால கீறுன மாதிரி ஒரு கோடு, அதுல கடுகை விடச் சின்னதா குமிழி வருது, உடையுது, வருது, உடையுது. வெளிய வந்த ஈரம் சூட்டுல அங்கயே காஞ்சு உப்புப் பூத்த மாதிரி ரோஸ் கலந்த வெள்ளையாப் படியுது. கீழ சொட்டு எப்படி விழும், மேலயே ஆவியாப் போகுது. உங்களுக்கும் தரையில சொட்டு இல்லன்னதும் எனக்கு முதல்ல இதுதான் ஞாபகம் வந்துச்சு.

கையால அடிக்கிற பிரஷர் டெஸ்டர் பம்ப் யார்கிட்டயாவது கிடைச்சா இவ்ளோ கூத்து வேணாம், ஆறுன வண்டியில மூடிக்குப் பதிலா அதை மாட்டி, மூடில போட்டிருக்கிற அளவு வரைக்கும் மட்டும் அடிச்சுட்டு கால் மணி நேரம் முள்ளு இறங்குதான்னு பாருங்க.

மத்த இடங்களையும் ஒரு பார்வை பாத்துடுங்க. ஹோஸ் க்ளாம்ப் சில சமயம் குளிருல, காலைல மட்டும் ஒழுகும், சூடானா இறுகி நின்னுடும். வாட்டர் பம்புக்கு அடியில சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும், உள்ள சீல் போனா அது வழியா கறை இறங்கியிருக்கும், உங்க மெக்கானிக் பம்புன்னா அந்தக் கறையைக் காட்டச் சொல்லுங்க, என்கிட்ட யாரும் காட்டல, நானும் கேக்கல. முன் சீட்டுல கால் வைக்கிற கார்ப்பெட் நனைஞ்சு, கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுன்னு மூடுச்சுன்னா ஹீட்டர் கோர், அதான் டாஷ்போர்டுக்குள்ள ஹீட்டருக்குன்னு இருக்குற குட்டி ரேடியேட்டர், ஒழுகுது. மூடியைத் திறந்து ஆறுன வண்டியை ஸ்டார்ட் பண்ணதும் ரேடியேட்டர் கழுத்துல விடாம குமிழி வந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியில தயிர் கடைஞ்ச மாதிரி ஒட்டியிருந்தாலோ, இன்ஜின் சூடான பிறகும் புகை வெள்ளையா விடாம வந்தாலோ அது ஹெட்டுக்கு அடியில இருக்குற அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கெட், போனதா இருக்கலாம், அதுக்கு நல்ல கைகாரன்கிட்ட போயிடுங்க.

என் விரிசல் மேல எப்பாக்ஸி பூசிப் பாத்தேன், உப்புத்தாள் போட்டு தேய்ச்சு அழகா பூசுனேன், நாலு நாள்தான் தாங்குச்சு. அந்த பிளாஸ்டிக் நைலான் வகை, சூட்டுல விரியும் சுருங்கும், பசை கூடவே விரியாது, உரிஞ்சிடும். ரேடியேட்டரையே மாத்துனேன், ஒரு மத்தியான வேலைதான். ஆறுன வண்டியில கீழ இருக்கிற வடிகால் திருகைத் திறந்து கூலன்ட்டை இறக்கி, ரெண்டு ஹோஸ், ஃபேன் பிளக், மேல ரெண்டு பிராக்கெட், தூக்கிடலாம். ஆட்டோமேட்டிக்னா கியர் ஆயில் பைப் ரெண்டும் கீழ் தொட்டியில வந்து சேரும், கழட்டுன உடனே அடைச்சு வைங்க, நான் மறந்துட்டு வாசலை எண்ணெய்க் குளமாக்குனேன். ஹோஸ் ஒட்டிக்கிச்சுன்னா ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீங்க, முறுக்கி முறுக்கி எடுங்க, ஹோஸ் கிழிஞ்சா அழுகைதான். மூடியும் புதுசா போட்டுடுங்க, அது சல்லிசு.

இறக்குன கூலன்ட்டைப் பழைய பேசின்ல பிடிச்சு, உடனே மூடி போட்ட கேன்ல ஊத்தி வைங்க. தித்திப்பா இருக்குறதால நாய் நக்கிடும், கொஞ்சம் போனாலே கிட்னி போயிடும், எங்க தெருவுல எத்தனை நாய் படுத்திருக்குன்னு எண்ணவே முடியாது, ரெண்டு என் காருக்கு அடியிலதான் குடித்தனம்.

இங்க பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு, தண்ணி போதாதான்னு கேப்பாங்க. கொதிநிலையை ஏத்துறதும் துரு பிடிக்காம பாக்குறதும் அதோட வேலை. கிணத்துத் தண்ணி, போர் தண்ணி வேணாம், உள்ள சுண்ணாம்பு மாதிரி உப்பு படியும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் நல்லது, அதுல பாதி, ஏற்கனவே தண்ணி கலக்காத கூலன்ட் பாதி.

நிரப்பும்போது அவசரப்படாதீங்க, காத்து மாட்டிக்கிச்சுன்னா மறுபடி சூடாகும். வண்டி மூக்கைக் கொஞ்சம் மேடாக்கி, ஆறுன இன்ஜின்ல மூடி திறந்தபடி, ஹீட்டரை முழு சூட்டுல வச்சு ஓட விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்க, கிளுக் கிளுக்குன்னு குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊத்துங்க. சூடானதும் கூலன்ட்டுக்கு வழி விடுற தெர்மோஸ்டாட் வால்வு 82 டிகிரி பக்கம்தான் திறக்கும், அது திறந்ததும் ஒரு இறக்கம் இறங்கும், அப்பவும் ஊத்தி, பொங்கி வர்றதுக்கு முன்னாடி மூடிடுங்க. ஏப்ரல்ல ஹீட்டரைப் போட்டு உக்காந்திருந்த ஒரே ஆளு ரங்கூன்ல நானாத்தான் இருப்பேன். அடுத்த மூணு நாலு காலை கழுத்து மட்டத்தைப் பாத்துட்டே இருங்க.

கழட்டுன அந்தப் பழைய வாட்டர் பம்பு இன்னும் மாடிப்படிக்கு அடியிலதான் கிடக்கு. போன வாரம் எடுத்து கையால சுத்திப் பாத்தேன், ஆட்டமும் இல்ல, சத்தமும் இல்ல, அந்த ஓட்டையில ஒரு கறையும் இல்ல.