எழுபத்தைந்து வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: அலுவலகம் ஒன்றில் கழித்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் கம்ப்யூட்டரை வாங்கிப் பயன்படுத்துகிறேன். ஐ5-4590 பிராசஸர், 8 ஜிபி ரேம். மகன் ஜிடிஏ 5 விளையாட ஆசைப்படுகிறான். நான் குடும்ப விசேஷங்களின் வீடியோவை எடிட் செய்வேன். பத்தாயிரம் ரூபாய்க்குள் எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்? ‘4 ஜிபி ஜிடி 730 போதும்’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: கடைக்குப் போகும் முன் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 9020 டவரில் 290 வாட் என்று இருக்கும். எந்த கார்டு வாங்கலாம் என்பதை உங்கள் பத்தாயிரத்தைவிட அந்த எண்தான் முடிவு செய்யப்போகிறது.

கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளுக்கு பவர் சப்ளையிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாக வர வேண்டும். உங்கள் டவரில் அந்த வயர் கிடையாது. பவர் சப்ளையையே மாற்றலாமே என்றால் அங்கும் ஒரு சிக்கல்: மற்ற மதர்போர்டுகளில் இருக்கும் 24 பின் இணைப்புக்குப் பதில் இதில் 8 பின் வைத்திருக்கிறார்கள். கன்வர்ட்டர் வாங்கிச் சேர்க்கலாம்தான். ஆனால் புது பவர் சப்ளைக்கும் அதற்கும் கொடுத்த பிறகு கார்டுக்கு என்ன மிஞ்சும்?

ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றித் தரும் கன்வர்ட்டரைச் சிலர் மலிவாக நீட்டுவார்கள். வாங்காதீர்கள். சாட்டா பிளக் தாங்குவது 12 வோல்ட்டில் 54 வாட். 6 பின் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். அப்படி மாட்டிய கம்ப்யூட்டர் ஒன்று ஒருமுறை என் மேசைக்கு வந்தது. பிளக்கின் பிளாஸ்டிக் உருகி ஹார்ட் டிஸ்க்கோடு ஒட்டிக்கிடந்தது. இடுக்கியால்தான் பிரிக்க முடிந்தது.

இனி அந்த ஜிடி 730. ‘4 ஜிபி’ என்ற எண்ணைக் காட்டி விற்கப்படும் கார்டு அது. நினைவகம் எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு வேகமானது என்பதுதான் விளையாட்டுக்கு முக்கியம். 64 பிட் டிடிஆர்3 (பழைய வகை நினைவகம்) ஜிடி 730இன் நினைவக வேகம் நொடிக்கு 14.4 ஜிபி. உங்கள் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமே, இரண்டு குச்சிகளாகப் போட்டால், 25.6 ஜிபி வேகம் தரும்! நான் அடுத்துச் சொல்லப்போகும் ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கோ 128 ஜிபி. 2014இல் வந்த கார்டை இன்று காசு கொடுத்து வாங்க எந்த நியாயமும் இல்லை.

75 வாட்டுக்குள் என் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650தான். புதியது உங்கள் பட்ஜெட்டில் அடங்காது. பழையதைப் பேரம் பேசி வாங்கலாம். 1650 என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. சில மாடல்களில் 6 பின் துளை இருக்கும், சிலவற்றில் இருக்காது. கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து, துளை இல்லாததை எடுங்கள். நீளத்தையும் இஞ்ச் டேப்பால் அளந்துவிடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு இன்னும் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். அது 2016இன் பாஸ்கல் தலைமுறை. அதற்கான புதிய விளையாட்டு டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) அதைத் தயாரிக்கும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 1650 அடுத்த தலைமுறை என்பதால் தப்பித்தது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 53 வாட்டில் ஓடும் சமர்த்து. ஆனால் தரவு போய்வரும் பாதைகள், அதாவது லேன், நான்கு மட்டுமே உள்ள அது, உங்கள் பழைய மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் வேகம் குறைந்துவிடும். வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடரும் அதில் இல்லை. எடிட் செய்யும் உங்களுக்கு அது ஒத்துவராது.

பழையதை வாங்கும்போது போலிகள்மீது கண் இருக்கட்டும். அரதப்பழசான கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி ‘1050 டிஐ’ என்று விற்கும் வித்தை பல வருடங்களாக நடக்கிறது. புதிய கார்டின் பெயர் சொல்லி நீட்டுவதில் பழைய மானிட்டர்களுக்கான நீல நிற விஜிஏ துளை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய், கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். தெரிந்த போலிகளைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர் கடையாக இருந்தாலும், கார்டை மாட்டி ஒரு கால் மணி நேரம் ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். விசிறி சுற்றும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா என்று காதையும் கொடுங்கள்.

உங்கள் பிராசஸரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2015இல் வந்த ஜிடிஏ 5 பதிப்புக்கு அதைத் தயாரித்த ராக்ஸ்டார் பரிந்துரைத்தது ஐ5-3470ம் ஜிடிஎக்ஸ் 660ம்தான். நீங்கள் இரண்டிலும் மேலே இருப்பீர்கள். இன்று வரும் பெரிய விளையாட்டுகளில் உங்கள் பிராசஸரின் நான்கு கோர்கள் திணறும். அதற்காக இன்னும் பெரிய கார்டு போட்டால் அது பிராசஸருக்காகக் காத்துக்கிடக்கும், அவ்வளவுதான். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ரேம் போடுங்கள். எடிட்டிங்கில் அதன் பலன் உடனே தெரியும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11ஐ உங்கள் பிராசஸர் முறைப்படி ஏற்காது. ஆகவே இந்தக் கம்ப்யூட்டரில் இதற்கு மேல் பணம் கொட்ட வேண்டாம்.

மாட்டும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொடுங்கள். ஸ்லாட்டின் கடைசியில் உள்ள கொக்கி ‘டக்’ என்று விழும்வரை கார்டை அழுத்தி, திருகை முடுக்குங்கள். மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலிருந்து கழற்றிப் புது கார்டில் செருக வேண்டும். ‘கார்டு போட்டும் வேகம் கூடவில்லை’ என்று என்னிடம் வருபவர்களில் பலர் அந்த ஒரு கேபிளை மாற்ற மறந்தவர்கள். உங்கள் மானிட்டர் விஜிஏ மட்டும் உள்ளதென்றால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறு கன்வர்ட்டர் ஒன்றையும் அன்றே வாங்கிவிடுங்கள்.