டைல்ஸ் கடைக்கு அப்புறம் போகலாம்: பழைய வீட்டுப் பட்ஜெட் பற்றிக் கேள்வி பதில்

பழைய வீட்டைப் புதுப்பிக்க எவ்வளவு ஒதுக்குவது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். திருச்சிப் பக்கம் இருபது வருடமாகக் கட்டட மேற்பார்வைதான் என் வேலை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

சார், ஸ்ரீரங்கத்தில் அப்பா 1988இல் கட்டிய வீடு, 900 சதுர அடி. கையில் 6 லட்சம். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னால் பெருக்கிக்கொள்வேன்.

பெருக்காதீர்கள். சதுர அடிக் கணக்கு புது வீட்டுக்குத்தான் சரிப்படும். பழைய வீட்டில் இரண்டு அறைக்கு வெறும் பெயின்ட் போதும், பக்கத்தில் இருக்கும் பாத்ரூம் ஒன்றே அந்த இரண்டு அறைச் செலவையும் விழுங்கிவிடும்.

முதலில் ஒரு கொத்தனாரையும் பிளம்பரையும் ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டு, சந்தேகமான இடங்களை உடைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து வீடென்றால் சுவருக்குள் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், ஓடிக்கொண்டிருக்கும். காலையில் குழாயைத் திறந்ததும் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறதா? சுவிட்ச் போர்டைக் கழற்றினால் எர்த் ஒயர் இல்லாமல் இருக்கிறதா? மொட்டைமாடித் தட்டோட்டைத் தட்டினால் உள்ளே காற்று இருப்பதுபோல் டொப்பென்று கேட்கிறதா? அப்படியென்றால் பணம் முதலில் பைப், ஒயரிங், மொட்டைமாடி இந்த மூன்றுக்கும் போகட்டும். மிச்சத்தில்தான் ஹால் தரை.

என் வீட்டிலேயே நான் இதைச் செய்யவில்லை. புது டைல்ஸ் ஒட்டி மூன்றே மாதத்தில் பழைய பைப் கசிந்து, ஒட்டிய டைல்ஸை உடைக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்காரம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

ஒரே ஒரு பாத்ரூம்தான் அண்ணா, 5க்கு 7 அடி. டைல்ஸ் விலை 50 ரூபாயா 80 ரூபாயா என்று வீட்டில் சண்டை.

கணக்குப் போட்டால் சண்டை தீர்ந்துவிடும். தரை 35 சதுர அடி. நாலு சுவரின் சுற்றளவு 24 அடி, 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 168. கதவுக்குப் பதினேழரை கழித்துவிடுங்கள், சுமார் 150. ஆக மொத்தம் 185. வெட்டு, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 204. சதுர அடிக்கு 30 ரூபாய் வித்தியாசம் என்றால் 6,120 ரூபாய், அவ்வளவுதான். பிடித்ததை வாங்குங்கள்.

பாத்ரூமில் காசு வேறு இடத்தில் போகிறது. பழைய டைல்ஸை உடைக்கும் கூலி, இடிபாடு அள்ளிப்போக வண்டி, சி.பி.வி.சி. பைப் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்), நஹானி டிராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்), வாட்டர்ப்ரூஃபிங், ஒட்டும் பசை, கதவு. பெரும்பாலானவர்களின் தாளில் இதில் பாதி இருக்காது. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் தரையில் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விடுங்கள். மட்டம் குறையாமலும் கீழே ஈரம் தெரியாமலும் இருந்தால்தான் டைல்ஸ். இரண்டு நாள் வேலை நிற்கிறதே என்று மேஸ்திரி முனகுவார், முனகட்டும்.

சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. பூசிப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்கள்.

போதாது. துருப்பிடித்த கம்பி உப்பும். அந்த உப்பல்தான் கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது. மேலே பூசினால் அடுத்த வருடம் அதையும் சேர்த்துத் தள்ளும். உளுத்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டாமல் கை வைக்காதீர்கள். தண்ணீர் மேலேயிருந்து வருகிறது என்றால் மொட்டைமாடி முதலில், சீலிங் அப்புறம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாடியை முடித்துவிடுங்கள். ஆடியில் புதுசாகப் பூமி பூஜை போடுபவர்கள் குறைவு என்பதால் ஆளும் சுலபமாகக் கிடைக்கும். பெயின்ட் வேலையைப் பொங்கலுக்கு முன் வைத்துக்கொண்டால் ஆளுக்கு அலைய வேண்டும்.

எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு வைக்கலாம்?

முப்பது வருடம் தாண்டிய வீட்டுக்குத் திட்டச் செலவில் இருபது சதவீதம். 6 லட்சம் இருந்தால் 5 லட்சத்துக்கே திட்டம் போடுங்கள். மிச்ச ஒரு லட்சம் இருப்பதை மேஸ்திரியிடம் மூச்சு விடாதீர்கள்.

மூன்று பேர் கொட்டேஷன் கொடுத்தார்கள். குறைந்ததை எடுக்கலாமா?

மூன்றிலும் ஒரே வேலைகள்தானா என்று முதலில் பாருங்கள். "இதில் எதெல்லாம் சேராது?" என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குங்கள். சாரம், இடிபாடு அள்ளுவது, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டினால் மட்டம் ஏறி எல்லாக் கதவுகளின் அடியையும் இழைக்க வேண்டிவரும். அந்த ஆசாரி கூலியை யாரும் எழுதுவதில்லை.

சாமானை நாமே வாங்கி, லேபர் மட்டும் கான்ட்ராக்ட் கொடுத்தால் செலவு குறையலாம், ஆனால் தினமும் சிமென்ட் மூட்டை எண்ண வீட்டில் ஆள் வேண்டும். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மெட்டீரியலோடு விடுவதே மேல், பிராண்டை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதம் ஒரு மழை பார்த்த பிறகு.

கடன் வாங்கிச் செய்தால் வரியில் கிடைக்குமா?

பழைய வரிமுறையில் இருந்தால், நீங்கள் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை கழிக்கலாம். வீட்டுக்கடன் வட்டிக்கான 2 லட்சம் வரம்புக்குள்தான் இதுவும் வரும், தனியாகக் கிடையாது. புது வரிமுறையில் இது இல்லை.

மிஞ்சிய டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ஒரு பெட்டி போக மீதியைக் கொடுங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே டிசைன் கிடைத்தாலும் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும். பெட்டியில் இருக்கும் பேட்ச் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பரணில் போட்டுவிடுங்கள்.