தெர்மாமீட்டரில் ஏன் தண்ணீர் ஊற்றுவதில்லை?

சென்னையில்தான் தண்ணீர் உறைவதே இல்லையே, இங்கே விற்கும் தெர்மாமீட்டரில் அதையே ஊற்றினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரிகூட தண்ணீரின் கொதிநிலைக்கு வெகு தூரம்.

சிக்கல் உறைவதில் இல்லை, விரிவதில். 20 டிகிரியில் விரிவதைப் போல 40 டிகிரியில் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். மார்கழிக் காலையில் ஒரு டிகிரிக்கு விட்ட இடைவெளி அக்னி நட்சத்திர மதியத்துக்குப் பொருந்தாது. கோடுகளைச் சமமாகப் போடவே முடியாது. குழாய்ச் சுவரில் வேறு ஒட்டிக்கொள்ளும். நிறம் இல்லாதது பெரிய குறையில்லை, சாயம் கலந்துவிடலாம்.

பாதரசம் கிட்டத்தட்டச் சீராக விரியும், கண்ணாடியில் ஒட்டாது, மைனஸ் 38 முதல் 356 டிகிரி வரை திரவமாகவே இருக்கும், சூட்டையும் சட்டென்று வாங்கிக்கொள்ளும். நச்சு என்பதால்தான் அதை ஒதுக்கிவருகிறார்கள்.

அதற்குப் பதிலாக ஊற்றும், சிவப்புச் சாயம் போட்ட எத்தனால் (ஒருவகை ஆல்கஹால்), பாதரசத்தைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு விரியும்; மைனஸ் 114 வரை உறையாது. ஆனால் சாதாரண அழுத்தத்தில் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற ரசத்தில் எத்தனால் தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்காதீர்கள்.