சோவியத் சுரங்கத்துக்குள் இறங்க டார்ச்சும் கயிறும் போதுமா?

கேள்வி: ரீகாவில் பொறியியல் படிக்கிறேன். விடுமுறையில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, லாத்வியாவில் கைவிடப்பட்டுக் கிடக்கும் சோவியத் ராணுவத் தளங்களைப் பார்க்கப் போகிறோம். ஸ்க்ருண்டா ரேடார் நகரமும், காட்டுக்குள் இருக்கும் ஏவுகணைத் தளங்களின் நிலவறைகளும் திட்டத்தில் இருக்கின்றன. டார்ச், கயிறு, நல்ல ஷூ வாங்கிவிட்டோம். வேறென்ன வேண்டும்?

பதில்: டார்ச்சும் ஷூவும் சரி. கயிறு வாங்கியிருப்பதுதான் கவலையாக இருக்கிறது, ஏனென்றால் அது கீழே இறங்கத்தான் உதவும். வழிகாட்டி இல்லாமல் எந்த நிலவறைக்குள்ளும் இறங்காதீர்கள்.

காரணம் இருட்டு அல்ல, காற்று. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்தான இடம் என்று தொழிற்பாதுகாப்பில் கணக்கு. பல வருடம் அடைந்து கிடக்கும் அறையில், ஈர இரும்பு துருப்பிடித்தே ஆக்சிஜனைக் குறைத்துவிடும். மட்கும் மரமும் இலையும் மிச்சத்தை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடும். அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்கும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஆக்சிஜன் குறைவதை உடம்பு முன்கூட்டிச் சொல்லாது. சில மூச்சிலேயே நினைவு தப்பலாம். நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் முதலில் இறங்கியவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் அங்கேயே விழுந்தார் என்று எத்தனை முறை செய்தி படித்திருக்கிறோம்! அங்கே நடப்பதும் இதேதான்.

மெழுகுவர்த்தி கொளுத்திப் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயிரைப் பறிக்கும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் திரி எரியும். பழைய எரிபொருளின் ஆவி தங்கியிருந்தால் அந்தத் திரியே வெடிக்க வைக்கும். மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தராது. ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் அளக்கும் கருவி இருக்கிறது. அதுகூடப் பயிற்சி பெற்றவர் கையில்தான் பயன்படும்.

தரைக்கு மேலேயும் கவனம் வேண்டும். ராணுவம் போனபின் இந்தத் தளங்களில் இரும்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றி விற்றுவிட்டார்கள். அதில் குழிகளின் மூடிகளும் போயின. புல்லும் சருகும் மூடிய வாய் ஒன்று காலடியிலேயே இருக்கலாம். அதனால் புதருக்குள் புகாமல், கான்கிரீட் பாதையிலேயே நடங்கள்.

அப்புறம், எதையும் நினைவுப்பொருளாக எடுக்காதீர்கள். ஜார்ஜியாவில் திபிலிசி அருகே லிலோ என்ற இடத்தில், சோவியத் ராணுவம் விட்டுப்போன பயிற்சி முகாமில் 1997-இல் 11 எல்லைக் காவல் வீரர்களுக்குக் கதிர்வீச்சுக் காயம் ஏற்பட்டது. தேடியபோது சீசியம்-137 அடங்கிய சின்னஞ்சிறு உலோகத் துண்டு ஒன்று ஒரு கோட்டுப் பையிலேயே இருந்தது. இருட்டில் ஒளிரும் பழைய மீட்டர் முகப்புகளிலும் ரேடியம் பூசியிருப்பார்கள். குண்டு போல எதைப் பார்த்தாலும் தொடாமல், வந்த வழியே திரும்பி 112-ஐ அழையுங்கள்.

ஸ்க்ருண்டாவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அங்கிருந்த பெரிய ரேடார் கட்டடத்தை 1995 மே 4-ஆம் தேதியே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஆளில்லா நகரம் இப்போது லாத்விய ராணுவத்தின் பயிற்சி இடம். வேலி தாண்டினால் அத்துமீறல். அங்கே கேமராவோடு பிடிபடும் வெளிநாட்டு மாணவரை வேவு பார்க்க வந்தவர் என்றும் சந்தேகிக்கலாம். உங்கள் குடியிருப்பு அனுமதியைப் பணயம் வைக்காதீர்கள்.

பதிலுக்கு லீகட்னே போங்கள். ஒரு மறுவாழ்வு மருத்துவமனைக்கு அடியில், 9 மீட்டர் ஆழத்தில், அணு ஆயுதப் போர் வந்தால் லாத்விய கம்யூனிஸ்ட் தலைமை ஒளிந்துகொள்ளக் கட்டிய பதுங்குகுழி அது. 2003 வரை ரகசியமாக இருந்தது. தொலைபேசி இணைப்பகமும் டீசல் ஜெனரேட்டரும் அப்படியே இருக்கின்றன. பொறியியல் மாணவருக்கு அந்தக் காற்றோட்ட அமைப்பு ஒன்றே பார்க்கத் தகுந்தது.

இர்பெனேயில் உளவு பார்க்கக் கட்டிய 32 மீட்டர் ஆண்டெனா இருக்கிறது. 1994-இல் ரஷ்யப் படை வெளியேறும் முன் கேபிள்களை வெட்டி, மோட்டார்களில் அமிலம் ஊற்றிவிட்டுப் போனது. அதை லாத்விய விஞ்ஞானிகள் பழுதுபார்த்து, இன்று வானியலுக்குப் பயன்படுத்துகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் தவறவே விடக்கூடாத இடம் இதுதான்.

ஏவுகணைக் குழியையே பார்க்க வேண்டுமென்றால் எல்லை தாண்டி லிதுவேனியாவின் ப்ளோக்ஷ்டினேக்குப் போங்கள். ஆர்-12 ஏவுகணைகள் நின்ற நான்கு குழிகள். 2012 முதல் பனிப்போர் அருங்காட்சியகமாக இருக்கிறது. குழியின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கலாம்.

லீகட்னேக்கும் இர்பெனேக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். ஆங்கில வழிகாட்டி வேண்டுமென்று அப்போதே சொல்லிவிடுங்கள். நிலத்தடியில் கோடையிலும் குளிரும், ஆளுக்கொரு ஜாக்கெட் வேண்டும்.