வாட்ச் 176 காட்டுகிறது, மூச்சு வாங்கவில்லை: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 47. கோவையில் இருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்காக மூன்று வருடமாக மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 50 மி.கி. மாத்திரையைக் காலை டிபனுக்குப் பிறகு சாப்பிடுகிறேன். எட்டு மாதமாக விடியற்காலையில் ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் பேசிக்கொண்டே 10 கி.மீ. ஓட முடிகிறது. டிசம்பரில் அரை மாரத்தான் ஓட ஆசை. ஆனால் என் சாதாரண ஸ்மார்ட்வாட்ச், ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே இதயத்துடிப்பு 176 என்று காட்டுகிறது. கூட ஓடும் நண்பர் ‘ஆபத்து, நிறுத்து’ என்கிறார். என் அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. நல்ல ஜிபிஎஸ் வாட்ச் ஒன்று வாங்க நினைக்கிறேன். இதயத்துடிப்பு பார்ப்பது அவசியமா? ஈசிஜி எடுக்கும் வாட்சாக வாங்கிவிட்டால் பயமில்லாமல் ஓடலாமா?

பதில்: அந்த 176 உங்கள் இதயத்துடிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அது நீங்கள் நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் காலடிகளின் எண்ணிக்கை.

220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்குப்படி உங்கள் உச்சத் துடிப்பு 173. 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்கும் கணக்கில் 175. இரண்டும் சராசரிதான், ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்னே பின்னே இருக்கும். ஆனால் நீங்கள் சாப்பிடும் மெட்டோப்ரோலாலின் வேலையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பது. அதையும் சாப்பிட்டுக்கொண்டு, உச்சத் துடிப்பில் ஒருவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டு ஓடுவது நடக்கிற காரியமில்லை.

ஊகத்தோடு விடவேண்டாம். அடுத்த முறை ஓடும்போது வலது கால் தரையில் படுவதை மட்டும் 30 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 44 என்றால் 176. பிறகு நின்று, குரல்வளையின் ஒரு பக்கத்தில் இரண்டு விரலை லேசாக வைத்து 15 விநாடி நாடியை எண்ணி, அதையும் நான்கால் பெருக்குங்கள். நின்ற உடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். கழுத்தின் இரு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது, தலைசுற்றும். காலடி 176, நாடி 130 சொச்சம் என்று வந்தால் வாட்ச்தான் குற்றவாளி. நாடியே 170-ஐத் தாண்டினாலோ, தாறுமாறாக விட்டுவிட்டு அடித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுங்கள்.

வாட்ச் ஏன் ஏமாறுகிறது? அதன் அடியில் உள்ள பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் எண்ணுகிறது. ஓடும்போது கை ஆடுகிறது, வாட்சும் தோல்மேல் குலுங்குகிறது. அந்தக் குலுக்கலிலும் ஒளி மாறும். வார் தளர்வாக இருந்தால் குலுக்கலின் தாளமே ஓங்கி நிற்கும், கணிப்பு காலடிக் கணக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓட ஆரம்பித்த முதல் பத்து நிமிடத்தில், தோலுக்கு இன்னும் ரத்தம் நன்றாகப் பாயாதபோது, இது அதிகம். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் தொல்லைதான்.

இப்போதுள்ள வாட்சிலேயே கொஞ்சம் சரிசெய்யலாம். மணிக்கட்டு எலும்புக்கு மேலே இரண்டு விரற்கடை தள்ளி, முழங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். கையை உதறினாலும் நகராத அளவுக்கு இறுக்கம் வேண்டும். கழற்றும்போது லேசான தடம் இருக்கலாம், விரல் மரத்துப்போகக் கூடாது. ஐந்து நிமிடம் வேக நடைக்குப் பிறகு ஓடுங்கள். இதற்குப் பிறகும் எண் காலடியோடே போனால், மணிக்கட்டு அளவீடு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம்.

நம்பகமான அளவு மார்புப் பட்டையில்தான் கிடைக்கும். அது ஒளியை நம்புவதில்லை. இதயத்தின் மின்சமிக்ஞையையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் கம்பியில்லாத முதல் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1982-ல். இன்றும் மணிக்கட்டு வாட்சுகளைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் மார்புப் பட்டையைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். மார்புத் தசைக்குக் கீழே சுற்றிக் கட்டவேண்டும். கட்டும் முன் உள்பக்கத்து மின்முனைகளைத் தண்ணீரால் நனையுங்கள்; காய்ந்த தோலில் முதல் சில நிமிடம் எண் தாவும், வேர்த்தபின் சரியாகும். ஓடி முடித்ததும் நடுவில் உள்ள கருவியைக் கழற்றிவிட்டு வாரை அலசிக் காயப்போடுங்கள். உப்பு படிந்த வாரும் தீர்ந்துபோன வட்ட பேட்டரியும்தான் ‘ஸ்ட்ராப் கெட்டுவிட்டது’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். மார்பில் கட்டப் பிடிக்காதவர்களுக்கு மேல்கையில் கட்டும் ஒளிப்பட்டை உண்டு. மணிக்கட்டைவிட அங்கே குலுக்கல் குறைவு.

சரி, துடிப்பு பார்ப்பது அவசியமா? மெட்டோப்ரோலால் போல துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடாத ஒருவர் கேட்டிருந்தால், எளிய ஓட்ட நாளில் வேகத்தைக் கட்டுப்படுத்த நல்ல கருவி என்று சொல்லி முடித்திருப்பேன். உங்கள் விஷயம் வேறு. வாட்ச் தானாகப் போட்டுத்தரும் ஐந்து சோன்களும், அதாவது எளிதிலிருந்து கடினம் வரையிலான துடிப்பு வரம்புகளும், வயதுக் கணக்கில் வந்தவை. மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு அவை செல்லாது. ‘மூன்றாம் சோன்’ என்று அது காட்டும் எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறி ஓடிவிடுவீர்கள். அதே கோளாறு வாட்ச் தரும் ஆக்சிஜன் திறன் (VO2 மேக்ஸ்) மதிப்பெண்ணிலும் வரும். துடிப்பு குறைவாக இருப்பதை உடல்தகுதி என்று எடுத்துக்கொண்டு தாராளமாக மார்க் போட்டுவிடும். கலோரிக் கணக்கும் நம்பகமானதல்ல, அதை வைத்து இரண்டு தோசை கூட்டிவிடாதீர்கள்.

இன்னொரு சிக்கல், நேரம். காலை டிபனுக்குப் பிறகு மாத்திரை என்றால், விடியற்காலை ஓட்டம் முந்தைய நாள் மாத்திரையின் வால்பகுதியில் நடக்கிறது. அதே ஆள் அதே வேகத்தில் மாலையில் ஓடினால் துடிப்பு வேறாக இருக்கலாம். காலை எண்ணைக் காலை எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

உங்களுக்கு முதல் அளவுகோல் பேச்சு. முழு வாக்கியம் திணறாமல் பேச முடிந்தால் எளிய ஓட்டம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு பிடிக்க வேண்டியிருந்தால் கடின ஓட்டம். எவ்வளவு சிரமமாகத் தோன்றுகிறது என்று நாமே 6 முதல் 20 வரை மதிப்பெண் போடும் ‘போர்க்’ (Borg) அளவுகோலில் நீண்ட ஓட்டத்தை 11 முதல் 13-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். துடிப்பை அதற்குத் துணையாகப் பாருங்கள்: வழக்கமான வேகம், வழக்கமான நேரம், ஆனால் துடிப்பு 10, 15 கூடியிருக்கிறது என்றால் புழுக்கம், தண்ணீர்க் குறைவு, தூக்கமின்மை, வரப்போகிற காய்ச்சல் இவற்றில் ஒன்று இருக்கும். அன்று தூரத்தைக் குறையுங்கள். எழுந்தவுடன் படுக்கையில் எண்ணும் நாடியும் இதே சேதியைச் சொல்லும். அது 50-க்குக் கீழே இறங்கி, தலைசுற்றலும் இருந்தால் மாத்திரையின் அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும்.

வாட்சுக்கு வருவோம். வாங்கும்போது முதலில் கேட்கவேண்டியது: வெளியிலிருந்து மார்புப் பட்டையை ப்ளூடூத் அல்லது ஆன்ட் பிளஸ் (ANT+) என்ற கம்பியில்லா இணைப்பு வழியாக ஏற்குமா? விலை குறைந்த ஸ்மார்ட்வாட்சுகளில் பல ஏற்காது. இரண்டாவது, ஜிபிஎஸ் வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா, போனிலிருந்து கடன் வாங்குகிறதா? அட்டைப்பெட்டியில் ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்றிருந்தால் போன் இல்லாமல் பாதை பதிவாகாது. மூன்றாவது, பொத்தான். வியர்த்த விரலுக்குத் தொடுதிரை அடங்காது.

இந்த மூன்றுக்கும் கார்மின் ஃபோர்ரன்னர் 55, 165, கோரோஸ் பேஸ் 3 ஆகியவை போதும். பேஸ் 3-ல் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உண்டு. உயர்ந்த கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும் சமிக்ஞையை அது நன்றாகக் கழித்துவிடும். திறந்த சாலையில் ஓடுகிறவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த வாட்சை வாங்கி மணிக்கட்டு அளவை நம்புவதைவிட, எளிய வாட்சும் ஒரு மார்புப் பட்டையும் உங்களுக்கு உகந்தவை.

வாசலில் நின்று ஜிபிஎஸ் பிடித்ததும் ஓடத் தொடங்குங்கள். ஓடிக்கொண்டே பிடிக்கவிட்டால் முதல் கிலோமீட்டர் கோணலாகும். திரையில் அந்தந்த நொடியின் வேகத்தை வைக்காமல், லேப் சராசரி வேகத்தை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரியை வையுங்கள். பந்தயத்தில் 21.1 கி.மீ. கோட்டைத் தொடும் முன்பே வாட்ச் 21.3 காட்டினால் அமைப்பாளர்களிடம் சண்டைக்குப் போகவேண்டாம். பாதையை வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள், நாம் அகலமாகத் திரும்புகிறோம்.

ஈசிஜி வாட்ச் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லாது. அது ஒரே கோணத்தில், அசையாமல் உட்கார்ந்து, 30 விநாடி எடுக்கும் பதிவு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க உதவும். இதய ரத்தக்குழாய் அடைப்பை அது காட்டாது, மாரடைப்பையும் கண்டறியாது. அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு, உங்களுக்கு ரத்த அழுத்தம், வயது 47. இந்த மூன்றும் சேரும்போது, வாட்சுக்கு முன்னால் செலவழிக்க வேண்டியது கொழுப்பு, சர்க்கரைப் பரிசோதனைக்கும் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்டுக்கும். டிசம்பருக்கான பயிற்சியைக் கூட்டும் முன் இதய மருத்துவரைப் பாருங்கள்.

டிரெட்மில் டெஸ்டுக்கு முன் மாத்திரையை நிறுத்தலாமா என்பது எதற்காக டெஸ்ட் என்பதைப் பொறுத்தது; அடைப்பைத் தேடுவதென்றால் சில சமயம் மருத்துவரே நிறுத்தச் சொல்வார். பயிற்சி எல்லை தெரிய வேண்டுமென்றால் மாத்திரையோடு ஓடினால்தான் பயன். உதாரணமாக மாத்திரையோடு உச்சம் 148, ஓய்வில் 56 என்று வந்தால் இடைவெளி 92. அதன் 60 முதல் 70 சதவீதத்தை 56-உடன் கூட்டினால் எளிய ஓட்டத்துக்கு 111 முதல் 120 வரை கிடைக்கும். வாட்சின் அமைப்பில் உச்சத் துடிப்பை 148 என்று கையால் பதியுங்கள். தானாகக் கண்டறியும் வசதி இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் ஒரு நாள் தப்பாகப் பிடித்த 176-ஐப் புதிய உச்சமாக எழுதிக்கொள்ளும்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், வேகத்துக்குச் சம்பந்தமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் வாட்சில் எந்த எண் இருந்தாலும் நின்று உட்காருங்கள். சில நிமிடத்தில் தணியாவிட்டால், அல்லது மயங்கிவிட்டால், 108. ஓய்வில் தணிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள், அதுவரை ஓடக்கூடாது.

‘மாத்திரை துடிப்பைக் குறைக்கிறது, அதனால் வேகம் வரவில்லை’ என்று யாராவது சொல்லி, பந்தய வாரத்தில் மெட்டோப்ரோலாலை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும், நெஞ்சுவலியும் வரலாம். ஓடுகிறவருக்கு ஏற்ற வேறு ரத்த அழுத்த மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றுவதாக இருந்தால் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து மாற்றுவார். அந்தப் பேச்சை டிசம்பருக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.