லினக்ஸில் ட்ரேஸ் (கெர்னல் தன் நிகழ்வுகளை எழுதும் பதிவு) எடுத்தால் 'டி' (D) நிலை, புரோகிராம்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் 'எஸ்' (S) நிலை. ஒரே புரோகிராம்தான். எதை நம்புவது?

நீங்களும் பழைய சர்வரோடுதான் மல்லுக்கட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.15 அல்லது அதையொட்டிய பதிப்பு என்றால் பிஎஸ் சொல்வதை நம்புங்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய ஆத்திரம் கிளம்பிவிட்டது. சிங்கப்பூரில் தைசெங் பக்கம் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். ஒரு சர்வீஸ் இழுத்துக்கொண்டே இருந்தது. ட்ரேஸ் எடுத்தால் பெரும்பாலான டாஸ்க்குகளுக்கு (ஓடும் புரோகிராம்களுக்கு) 'டி', அதாவது டிஸ்க் மாதிரி எதற்கோ காத்துக்கொண்டு, சிக்னலுக்கும் எழாத தூக்கம். மீட்டிங்கில் எல்லாரும் ஸ்டோரேஜ் பார்க்கும் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, டிஸ்க் சும்மாதான் இருக்கு, நீயே பாரு" என்று, டிஸ்க்கின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையைக் காட்டினார். சும்மாதான் இருந்தது.

ஒன்றும் செய்யாமல் தூங்க மட்டும் செய்யும் ஸ்லீப் கட்டளையை ஓட்டி ட்ரேஸ் எடுத்தேன். 'எஸ்', அதாவது சிக்னல் வந்தால் எழும் சாதாரணத் தூக்கம், என்று வர வேண்டியது 'டி' என்று வந்தது. ஸ்லீப்புக்கு டிஸ்க்கில் என்ன வேலை?

காரணம் இதுதான். கெர்னலுக்குள் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பிட்: 'எஸ்' என்றால் 1, 'டி' என்றால் 2, நிறுத்தப்பட்ட டாஸ்க் 4. எந்த பிட் என்று சொல்லும் ஃபங்ஷன் முதல் பிட்டை 0 என்று எண்ணாமல் 1 என்று எண்ணும். 2017-இல் வந்த ஒரு திருத்தம், அந்த எண்ணில் ஒன்றைக் கழிக்காமல், 1-ஐ அப்படியே அத்தனை இடம் இடப்பக்கம் நகர்த்தியது. எல்லாமே ஓரிடம் தள்ளிப்போனது: 'எஸ்' போய் 'டி' ஆனது, நிஜமான 'டி' நிறுத்தப்பட்டதாகத் தெரிந்தது. 2018 இறுதியில் ஒன்றைக் கழித்துச் சரிசெய்தார்கள். உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு மாதிரியான லினக்ஸ் தொகுப்பு) அதைப் பழைய கெர்னலில் சேர்த்திருக்கலாம், அதனால் பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், ஸ்லீப்பை ஓட்டிப் பாருங்கள்.

கெர்னல் எழுதுபவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முந்தைய பிழையைச் சரிசெய்யப் போய் வந்தது அது. என் கோபம் அந்த மீட்டிங்கில் இருந்தவர்கள் மேல். அண்ணனிடம் ஒருத்தரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த ராத்திரிகளில் எம்ஆர்டி நின்றபிறகு உட்லண்ட்ஸ் வரை டாக்ஸியில் போன காசையும் இழுத்தடித்துத்தான் கொடுத்தார்கள்.

அப்புறம், உங்களுடையது 5.8 முதல் 5.17 வரையிலான கெர்னல் என்றால் இன்னொன்றும் உண்டு. டாஸ்க் தூங்கப்போகும் அந்த நொடியில் வேறொரு சிபியு அதை எழுப்பிவிட்டால், ட்ரேஸ் நிலையை மறுபடி படித்து 'ஆர்' (R), அதாவது ஓடிக்கொண்டிருக்கிறது, என்று காட்டிவிடும். அது எப்போதாவதுதான் வரும். எல்லா டாஸ்க்கும் 'டி' என்றால் நான் முதலில் சொன்னதுதான்.