அம்மாவைக் கூப்பிடலாம் என்ற கணக்கில் வராதீர்கள்

தங்கச்சி, கொழும்பில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருக்கிறீர்கள், கையில் ஒன்றரை வயதுப் பிள்ளை, அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் காணுமா, குளிர் தாங்குமா, பிள்ளையை யார் பார்ப்பது, அம்மாவைக் கூப்பிட்டு வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் காணும். குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கள். வீடு, கார் பற்றியெல்லாம் டொரொண்டோவில் இருக்கிற சொந்தக்காரர் நீங்கள் கேட்காமலே சொல்லுவார்கள். மற்ற இரண்டுக்கும்தான் என்னிடம் பதில் இருக்கிறது.

நானும் கொழும்புதான், வெள்ளவத்தை. இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். விடுமுறைக்கு வந்து, காலி வீதி ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில் இருந்து இதை எழுதுகிறேன்.

முதலில் அம்மா. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் ஒருவரால் பெற்றோருக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. குடியுரிமை எடுத்த, 21 வயது நிரம்பிய பிள்ளைதான் கேட்கலாம். கிரீன் கார்ட் கிடைத்து, அதற்கு மேல் வழக்கமாக 5 வருடம் போய்த்தான் குடியுரிமை. அதற்குள் உங்கள் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு ஒப்புவிக்கும். மிஞ்சுவது விசிட்டர் விசா, ஒருமுறைக்கு வழக்கமாக 6 மாதம். வேலையிடம் தரும் மருத்துவக் காப்புறுதியில் பெரும்பாலும் பெற்றோரைச் சேர்க்க விடமாட்டார்கள். தனியாக வாங்கும் பயணக் காப்புறுதியோ, ஏற்கெனவே இருக்கிற சீனி, பிரஷர் என்று வந்தால் கையை விரித்துவிடும்.

இதிலே எனக்கு ஒரு கோபமும் உண்டு. ஆறு மாதம் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாமி என்று முறை வைத்து இறக்குகிற எங்கள் சனத்தை நிறையப் பார்த்துவிட்டேன். கேட்டால் பேரப்பிள்ளைப் பாசம் என்பார்கள். மரக்கறி வாங்கப் போனாலே நாலு பேரோடு கதைத்துவிட்டு வருகிற மனிசியைப் பனிக்காலத்தில் பூட்டின வீட்டுக்குள் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் பாசமா? சம்பளமில்லாத ஆயா வேலை அது.

ஆகவே டே கேர். வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் கிழமையிலேயே பதியுங்கள். பல்கலைக்கழகமே நடத்தும் நிலையங்களில் காத்திருப்புப் பட்டியல் வருடக்கணக்கில் போகும், வயிற்றில் இருக்கும்போதே பெயர் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே எங்கள் ஊர் நிலையத்தில் ஒவ்வொரு போத்தலிலும் பெயரும் திகதியும் ஒட்ட வேண்டும், நிலக்கடலை வாசமே வரக்கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பின் நடுவில் போன் வரும். மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் விட்டிருந்தால்தான் மறுபடி எடுப்பார்கள். மாலை 5.30க்குப் பிந்தினால் நிமிடக் கணக்கில் தண்டம். துறைக் கூட்டமோ 4 மணிக்குத் தொடங்கும்! அந்த நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு மாற்ற வைத்தது நான்தான். இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அது தெரியாது.

செலவுக்கு ஒரு வழி: பராமரிப்புக் காசை வரிக்கு முன்னரே சம்பளத்திலிருந்து ஒதுக்கலாம். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5,000 டொலர் வரை இருந்ததை 2026 முதல் 7,500 ஆக்கியிருக்கிறார்கள்.

லீவு விஷயத்தில் ஏமாந்துபோவீர்கள். இங்கே அரசாங்க வேலையில் முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ விடுமுறை. அங்கே 1993 ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் தருவது 12 கிழமை, அதுவும் சம்பளம் இல்லாமல், ஒரு வருடம் வேலை செய்து முடித்தவர்களுக்கு. மிச்சம் அந்தந்த மாநிலத்தையும் பல்கலைக்கழகத்தையும் பொறுத்தது. கலிபோர்னியா, மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்களில் பிள்ளை பிறந்த பருவத்தில் சம்பளத்தைக் குறைக்காமல் கற்பித்தலிலிருந்து விடுவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்களுடையதில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். துறைத்தலைவர் சிரித்த முகத்தோடு “பார்த்துக்கொள்ளலாம்” என்றால் நம்ப வேண்டாம். அடுத்த வருடம் அந்தக் கதிரையில் வேறு ஆள் இருப்பார்.

அப்புறம் டெனியூர். ஏறக்குறைய ஆறாவது வருடத்தில் உங்கள் ஆய்வை எடைபோட்டு நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். பிள்ளை பிறந்தால் அந்தக் கெடுவை ஒரு வருடம் தள்ளலாம். கேட்கத் தயங்கிப் பெண்கள் விட்டுவிடுகிறார்கள் என்பதால் பிரின்ஸ்டன் 2005 இல் அதைத் தானாகவே கிடைக்கும்படி செய்தது. நல்லதுதான். ஆனால் பல இடங்களில் தகப்பன்மாருக்கும் அதே ஒரு வருடம். அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளை வைத்து 2018 இல் வந்த ஓர் ஆய்வில், இப்படி இருபாலாருக்கும் பொதுவாகக் கொடுத்த இடங்களில் ஆண்கள் டெனியூர் பெறுவது கூடியது, பெண்கள் பெறுவது குறைந்தது. கூடுதலாகக் கிடைத்த வருடத்தில் ஆண்கள் பெரிய சஞ்சிகைகளில் கட்டுரை போட்டிருக்கிறார்கள். எங்கள் மாடியில் இருக்கிற இரண்டு தமிழ்ப் பேராசிரியர்களைப் பார்த்தே நான் இதைச் சொல்லியிருப்பேன். தள்ளிவைத்த வருடத்தை எண்ணவேண்டாம் என்று, உங்கள் ஆய்வை எடைபோடும் வெளி மதிப்பீட்டாளர்களுக்குப் போகும் கடிதத்தில் எழுதுவார்களா என்றும் கேட்டுவையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர், கணவன் மனைவிக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வந்தால், உங்கள் கிரீன் கார்ட் மனு ஒரு கட்டம் தாண்டும்வரை வேலை செய்ய முடியாது. பிள்ளையை அவர் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். முதலில் அவருடைய அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சம்பளமில்லாத அந்த 12 கிழமை லீவில் இன்னொன்றும் இருக்கிறது: தாய் தகப்பன் கடும் வருத்தமாய்ப் படுத்தாலும் எடுக்கலாம். மாமா மாமி சேர்த்தியில்லை. என் அப்பா இங்கே விழுந்தபோது, கொழும்பு டாக்டரின் கடிதம் செல்லாது என்றார் மனிதவளப் பிரிவில் இருந்த பிள்ளை. வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தவருக்கு அந்த நாட்டு டாக்டரின் சான்றிதழை ஏற்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அந்தப் பிள்ளை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட, அவர் வந்து கையெழுத்து வைத்தார்.

அப்பா கிளறிக்கல் சேவையில் இருந்து ஓய்வுபெற்றவர். வந்து கட்டிலடியில் இருந்தால், “லீவு சம்பளத்தோடா?” என்பதுதான் முதல் கேள்வி. ஓம் என்றேன். இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் வெள்ளவத்தைப் பக்கம் என்றால், தயவுசெய்து அவரிடம் வாய்விட்டுவிடாதீர்கள்.